பக்கத்து வெர்ஷனா, புத்தம்புது வெர்ஷனா? ஓட்டை விழுந்த பேக்கேஜுக்கு நாலு வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றின் எடைச்சீட்டு மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். லோரி எடை மேடையில் ஏறும், கிராணி (கணக்கர்) லோரி நம்பரைத் தட்டுவார், சீட்டு அச்சாகும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால் எங்கள் மென்பொருள் காலை 7 மணிக்கு நின்றுபோகக் கூடாது.

ஒருநாள் நின்றது. எங்கள் மென்பொருள், பேக்கேஜ் எனப்படும் பிறர் எழுதிய சின்ன நிரல்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது. முந்தின இரவு, அவற்றில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று தேடும் ‘என்பிஎம் ஆடிட்’ கட்டளையை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. பயத்தில், ஓட்டையைத் தானே சரிசெய்யும் ‘ஆடிட் ஃபிக்ஸ்’ கட்டளையோடு, ‘எப்படியாவது செய்’ என்னும் ‘ஃபோர்ஸ்’ சேர்த்து அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கிராணி கூப்பிட்டார். “தம்பி, சீட்டுல பேரு வருது, லோரி நம்பர் வருது, எடை மட்டும் வரலப்பா.” அச்சுப் பேக்கேஜ் பெரிய வெர்ஷனுக்குத் தாவியிருந்தது, எண்களை அது வாங்கும் முறையே மாறிப்போயிருந்தது. மத்தியானம் வரை கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதினோம். அதன் பிறகுதான் ஓட்டையை அடைக்கும் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் வழி, எல்லாவற்றையும் கடைசி வெர்ஷனுக்கு ஏற்றிவிடுவது. சுலபம், ஆனால் புதியது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருந்தது வெளியே வந்தது. லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். அந்த வாரம் தப்பித்தவர்கள் பழைய 5.4 வரிசையிலேயே இருந்தவர்கள்.

இரண்டாவது, நான் அடித்த அதே ‘ஆடிட் ஃபிக்ஸ்’, ஆனால் ‘ஃபோர்ஸ்’ இல்லாமல். நாம் எழுதி வைத்த வெர்ஷன் எல்லைக்குள் மட்டுமே அது ஏற்றும். சின்ன வேலைக்கு இது போதும், தினமும் இதைத்தான் ஓட்டுகிறேன். ‘ஃபோர்ஸ்’ சேர்த்தால் எல்லையைத் தாண்டும், சில சமயம் நாமே நேரடியாகச் சேர்த்த பேக்கேஜைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கியும் விடும். ஆரம்பத்தில் நம்பவில்லை, எந்தப் பேக்கேஜில் எந்த வெர்ஷன் ஏறியது என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் நம்பினேன்.

மூன்றாவது, போட்கள், அதாவது வெர்ஷன்களைக் கவனித்துத் தாமே மாற்றம் பரிந்துரைக்கும் நிரல்கள். டிபென்டபாட் என்ற போட், பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஓட்டையை அடைக்கும் மிகக் குறைந்த வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து மாற்றக் கோரிக்கை போடும். இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும், தாவல் குறைந்தால் உடைவதும் குறையும். ரெனோவேட் என்ற மற்றொரு போட்டில் இன்னொரு வசதி இருக்கிறது: ஒரு வெர்ஷன் வெளிவந்து இத்தனை நாள் ஆகட்டும் என்று காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அந்தக் காத்திருப்பை அது இயல்பாகவே விட்டுவிடும். அவசரம் என்பதால் அப்படி, நியாயம்தான்.

ஆனால் ‘ஓட்டையை அடைக்கும் முதல் வெர்ஷன்’ என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2021 டிசம்பரில் நிரல்களின் நடப்பைப் பதிவு செய்யும் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா பேக்கேஜின் கதை தெரியும்தானே? 10-க்கு 10 அபாய மதிப்பெண் வாங்கிய ஓட்டை. 2.15.0 வந்தது, எல்லாரும் ஏற்றினார்கள், அடைப்பு அரைகுறை என்று தெரிந்தது. 2.16.0 வந்தது, சேவையை முடக்கும் இன்னொரு ஓட்டை தெரிந்தது. பிறகு 2.17.0, மாதக் கடைசியில் 2.17.1. டிசம்பர் 12-ல் குறைந்த வெர்ஷனைத் தேடியவர் 2.15.0-ல் நின்றிருப்பார். அதனால் நான் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. ‘இந்த ஓட்டை எதில் அடைபட்டது’ என்பதோடு, ‘இன்றைக்கு அந்த வெர்ஷன்மேல் வேறு புகார் உண்டா’ என்றும் பார்க்கிறேன்.

அதற்கு நாலாவது வழி தோதாக இருக்கிறது. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ஓஎஸ்வி ஸ்கேனர், அதிலுள்ள ‘ஃபிக்ஸ்’ கட்டளை. ஒரு ஓட்டைக்கு ஒரு மாற்றம் என்று பார்க்காமல், எந்தப் பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்ற சார்பு மரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எந்த மாற்றம் எத்தனை ஓட்டையை அடைக்கும் என்று வரிசைப்படுத்தும். பெரிய தாவல் வேண்டாம், ஆழத்தில் இருப்பதை விடு, சோதனைக்கு மட்டும் பயன்படும் பேக்கேஜைத் தள்ளு என்றெல்லாம் எல்லை போடலாம். நாம் எழுதி வைத்த பேக்கேஜ் பட்டியலைத் தொடாமல் லாக் ஃபைலை மட்டும் திருத்தும் முறையும் உண்டு. எங்கள் மையத்துக்கு இதுவே பொருத்தம் என்று முடிவு செய்தேன். ஒரே குறை, எல்லா மொழிப் பேக்கேஜையும் இது சரிசெய்யாது. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), மேவன் (ஜாவா) பக்கம் நன்றாக வேலை செய்யும். பைத்தான் மொழிக்கு ‘பிப் ஆடிட்’ என்ற கருவி வைத்திருக்கிறேன்.

எடை மேடைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அங்கே வெர்ஷன் எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பழைய வெர்ஷனிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்து அனுப்புவது அவர்கள் முறை. எண் பழசாகத் தெரியும், ஓட்டை அடைபட்டிருக்கும். வெறும் எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் அங்கே வீணாகக் கத்தும்.

இப்போது எந்த வழியில் மாற்றம் வந்தாலும் அது ராத்திரி போவதில்லை. மத்தியானம் லோரி ஓய்ந்த பிறகு, நேற்று வந்த ஒரு லோரியின் எடையை மறுபடி தட்டி ஒரு சீட்டு எடுக்கிறோம். கிராணி அதை நேற்றைய சீட்டின் மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். எழுத்தோடு எழுத்து சேர்ந்தால், “சரி தம்பி, போடு” என்கிறார்.