பழைய மைவிக்குப் புதிய நிறம்: பெஸ்தாரி ஜெயாவில் ஒரு வினைல் ஒட்டும் கடை

பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம்மவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிவரும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து ஊரான பெஸ்தாரி ஜெயாவில், காருக்கு வினைல் படலம் ஒட்டி நிறம் மாற்றித் தரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. என் 2013ஆம் ஆண்டு மைவி காரை அங்கே கொண்டு சென்ற முதல் நாளில், அந்த வேலையை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த மதிப்புரையை எழுத என்னைத் தூண்டியதே அந்த மறுப்புதான்.

கார் என் தந்தையார் வாங்கியது. வெள்ளி நிறம். போர்ச் இல்லாத எங்கள் வீட்டு வாசலில், வெயிலிலும் மழையிலும் பத்தாண்டுகளுக்கு மேல் நின்றதால், போனட்டிலும் கூரையிலும், பெயிண்டின் மேல் பூசப்படும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான லேக்கர் வெண்திட்டுகளாக உரியத் தொடங்கியிருந்தது. காரை முழுவதும் பெயிண்ட் அடிப்பதைவிட ஸ்டிக்கர் ஒட்டுவது செலவு குறைவு, அந்தத் திட்டுகளையும் மறைத்துவிடும் என்று நம்பித்தான் போனேன். இன்னொரு ஊரில் உள்ள ஒரு கடையில் தொலைபேசியில் விசாரித்தபோது, காரைப் பார்க்காமலேயே 1,500 வெள்ளிக்கு இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நானும் அதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தேன்.

இங்கே கடையை நடத்தும் தம்பி முதலில் விலை பேசவில்லை. திட்டின் ஓரத்தில் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். டேப்போடு லேக்கரும் செதில் செதிலாக வந்தது. அந்த டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர், நான் ஒட்டுற ஸ்டிக்கர் பெயிண்டப் பிடிக்காது, மேல இருக்கிற லேக்கரத்தான் பிடிக்கும். அது ஏற்கெனவே கழண்டு நிக்குது. இன்னிக்கு ஒட்டிக் குடுத்தா கொஞ்ச மாசத்துல ரெண்டும் சேர்ந்து வந்துரும்" என்றார். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே புடைத்துத் தெரியும். பள்ளம், கீறல், உரிந்த விளிம்பு எதையும் அது நிரப்பாது. இவற்றையெல்லாம் விளக்கிய பின், போனட்டையும் கூரையையும் மட்டும் பட்டறையில் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு 750 வெள்ளி ஆயிற்று. மறுநாளே காரைக் கொண்டுபோனேன்; மீண்டும் திருப்பி அனுப்பினார். புதிய பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், அதிலுள்ள கரைப்பான் ஆவி சில வாரங்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்குள் படலத்தால் மூடினால் ஆவி அடியில் சிக்கிக் குமிழியாகும், பசையும் பிடிக்காது. ஆகவே நான்கு வாரம் காத்திருந்தேன். கைக்கு வந்த வேலையை இரண்டு முறை தள்ளிவைக்கும் துணிவு ஒரு சிறிய ஊர்க் கடைக்கு இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எந்தப் படலம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வினைல் படலத்தைச் செய்ய இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், பிவிசி பிளாஸ்டிக்கைச் சூடான உருளைகளுக்கிடையே மாவைத் தேய்ப்பதுபோல் நசுக்கி நீட்டுகிறார்கள். செலவு குறைவு, ஆனால் இழுத்துச் செய்யப்பட்ட பொருள் என்பதால் சூடு படப்படப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மற்றொன்றில், திரவ நிலையில் தாள்மீது பரப்பி அடுப்பில் உலர்த்துகிறார்கள். அதில் அந்த இறுக்கம் இல்லாததால் பம்பரின் வளைவுகளில் நீட்டி ஒட்டினாலும் நிலைத்து நிற்கும். கடைப் பலகைக்கும் தட்டையான லோரிப் பக்கங்களுக்கும் முதல் வகை போதும். முழுக் காருக்கு இரண்டாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மலிவாக விலை சொல்லும் இடத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது இதுவே. எனக்கு ஒட்டப்பட்டது த்ரீ எம் நிறுவனத்தின் 2080 வரிசை, பளபளப்பான கரும்பச்சை. சுருளைப் பெட்டியோடு என் முன்னால் பிரித்துக் காட்டினார்கள்.

நான் முதலில் விரும்பியது மங்கலான மேட் வகை. செம்மண் புழுதியைத் துடைக்கத் துடைக்க மேட் பரப்பில் ஆங்காங்கே மினுமினுப்பு ஏறிவிடும், அதை மெழுகு போட்டுச் சரிசெய்யவும் முடியாது என்று தம்பி தடுத்தார். தோட்டத்துக்குள் இருக்கும் பள்ளிக்கு நாள்தோறும் போய்வரும் எனக்கு அது மிகப் பொருத்தமான அறிவுரை.

வேலை நான்கு நாள் நடந்தது. முதல் நாள் முழுவதும் கழுவுவதிலும் பரப்பைத் துப்புரவாக்குவதிலும் கழிந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளின் பின்னால் ஓடிய காரில் எண்ணெய்ப் பிசுக்கு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சக்கர வளைவுகளின் உள்விளிம்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் மூன்று முறை துடைத்ததைப் பார்த்தேன். கதவுக் கைப்பிடிகள், பின்விளக்குகள், சின்னங்கள் அனைத்தையும் கழற்றினார்கள். கழற்றாமல் சுற்றி வெட்டும் கடைகளில் அந்த ஓரங்களில்தான் முதலில் உரியும். படலத்தை அறுக்க வேண்டிய இடங்களில் கத்தியைப் பெயிண்டின்மேல் வைக்காமல், நடுவே மெல்லிய இழை ஓடும் டேப்பை முன்கூட்டியே ஒட்டி, பின் அந்த இழையை இழுத்து அறுத்தார்கள். இறுதியாக, நீட்டி ஒட்டிய பகுதிகளையெல்லாம் 90 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, ஒவ்வோர் இடத்தையும் வெப்பமானியால் அளந்தார்கள். அப்படிச் சூடாக்கினால்தான் நீண்ட படலம் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணத்தை இழக்கும் என்பது விளக்கம். இவை அனைத்துக்கும் சேர்த்து 2,600 வெள்ளி.

குறைகளும் இருக்கின்றன. கடை சாலையோரத்தில் இருக்கிறது. லோரிகள் போகும்போதெல்லாம் புழுதி எழுகிறது. தரையை நனைத்து, ஷட்டரை இறக்கி, மாலைக்குப் பிறகுதான் கூரையை ஒட்டினார்கள் என்றாலும், அங்கே குண்டூசித் தலையளவில் இரண்டு புடைப்புகள் தெரிகின்றன. ஆறாவது வாரத்தில் பின் பம்பரின் கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குப் படலம் தூக்கிக்கொண்டது. நான் சென்றவுடன், மறுபேச்சில்லாமல், அந்த மூலையைப் பிரித்துப் புதுத் துண்டு வைத்து இலவசமாக ஒட்டிக் கொடுத்தார்கள். இதுவரை அது அசையவில்லை. உண்மையில் என்னை வருத்தியது வேறொன்று. கதவைத் திறந்தால் உள்விளிம்பில் பழைய வெள்ளி நிறம் பளிச்சென்று தெரிகிறது. அந்த விளிம்புகள் 2,600 வெள்ளிக்குள் அடங்காது என்பதை விலை பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும்; ரசீதில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட கடையில் இந்த ஒன்று விடுபட்டது எனக்கு மனக்குறையே.

நிறத்தை மாற்ற விரும்புவோர் கிரண்ட் என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரத்தை மறந்துவிடக் கூடாது. காரின் நிறமும் பதிவு விவரங்களுள் ஒன்று. பெயிண்டாக இருந்தாலும் ஸ்டிக்கராக இருந்தாலும், முழுக் காரின் நிறம் மாறினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். கடைக்காரரே முதல் சந்திப்பில் என் கிரண்டைக் கேட்டுப் பார்த்து இதை நினைவூட்டினார். காப்புறுதி நிறுவனத்துக்கும் நான் தெரிவித்துவிட்டேன்.

இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. பக்கங்கள் ஒட்டிய அன்று இருந்ததுபோலவே இருக்கின்றன. போனட்டையும் கூரையையும் நான் கூடுதல் கவனத்தோடு பார்த்துவருகிறேன். நேர் வெயிலைத் தாங்கும் கிடைமட்டப் பரப்புகளுக்குத் தயாரிப்பாளர்களே குறைந்த கால உத்தரவாதம்தான் தருகிறார்கள். பறவை எச்சத்தை அன்றைக்கே ஈரத்துணியால் எடுத்துவிடுகிறேன். கார் கழுவும் இடத்தில், அழுத்தக் குழாயை விளிம்புகளுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் கதவு உள்விளிம்புகளையும் ஒட்டிக்கொள்ள, அதே கடையில் 350 வெள்ளிக்கு விலை பேசி முன்பணம் கட்டியிருக்கிறேன்.