40 நிமிடப் பியானோ பயிற்சி: நாலரை வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சிப்காட் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, பியானோ வகுப்பு மட்டும் புதுச்சேரியில், சனிக்கிழமை சாயங்காலம். 2021 ஆகஸ்டில், 37 வயதில் தொடங்கினேன். நாலரை வருடம் ஆகிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்தப் பியானோ வாங்கலாம் என்று அல்ல, நேரம் எப்படிக் கிடைக்கிறது என்றுதான். அதனால் நேரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் பல முறைகளைப் பிடித்தேன், விட்டேன். நிலைத்தது ஒரே ஒரு பழக்கம்: பியானோவை விட்டு எழுந்திருக்கும் முன், நாளைக்கு எந்த பாரில் (நோட்ஸில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டு), எந்தக் கையில், என்ன வேகத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைப்பது. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வந்ததுதான்.

என்னிடம் இருப்பது யமஹா பி-45, டிஜிட்டல். 88 கீ, அசல் பியானோ போல அழுத்தினால் கனம் தெரியும் கீ, கனம் 11.5 கிலோ. இரண்டு பேர் வேண்டாம், நானே தூக்கி இடம் மாற்றுவேன். ஹெட்போன் போட்டு வாசிக்கலாம் என்பதுதான் வாங்கியதற்கு முக்கியக் காரணம். ஆனால் ஹெட்போன் போட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது என்று நம்பிவிடாதீர்கள். கீ கீழே போய் இடிக்கும் சத்தம் ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கும். விடியற்காலையில் வாசிக்கத் தொடங்கி ஒரு மாதம் கழித்துக் கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தி, "விடியக்காலம் அம்மி கொத்துற மாதிரி ஏதோ கேக்குதே, என்னம்மா அது?" என்றார். அன்றைக்கே ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியான ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். விடியற்காலையில் வாசிக்க நினைப்பவர்கள் பியானோவோடு சேர்த்தே அந்தப் பாயை வாங்கிவிடுங்கள்.

தொடங்கிய புதிதில் தினமும் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தேன். ஆபீஸ் விட்டு வந்து, சமையல் முடித்து, மகளைப் படிக்க உட்காரவைத்துவிட்டுப் பியானோ முன் உட்காரும்போது மணி எட்டரை தாண்டியிருக்கும். ஒரு மணி நேரம் கிடைக்காது என்று தெரிந்தால் அன்றைக்கு உட்காரவே மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை சேர்த்து மூன்று மணி நேரம் வாசித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஞாயிறு வாசிப்பேன், தோள்பட்டை வலிக்கும், செவ்வாய்க்கிழமை பார்த்தால் பாதி மறந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பியானோ மேதை ஷோபான் தன் மாணவர்களிடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று சொல்வாராம். அவர்களெல்லாம் பியானோவே வாழ்க்கையாக இருந்தவர்கள். நான் அந்த மூன்று மணி நேரத்தை வாரத்தில் ஒரே நாளில் வாங்கப் பார்த்தேன்.

இருந்த நேரத்தையும் வீணாக்கினேன், அது இன்னும் பெரிய விஷயம். ஹானோன் என்பவர் எழுதிய விரல் பயிற்சிப் புத்தகம் 1873-இல் வந்தது, மொத்தம் 60 பயிற்சிகள். விரல் பலப்பட்ட பிறகு முழுப் புத்தகத்தையும் ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம் என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். நான் முதல் இருபதை வரிசையாக வாசித்தே அரை மணி நேரத்தை முடித்துவிடுவேன். விரல் ஓடும், மனசு நாளைய இட்லி மாவை நினைத்துக்கொண்டிருக்கும். கை ஓடிக்கொண்டிருந்தால் பயிற்சி நடக்கிறது என்று நம்பியிருந்தேன்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் என் மாமியார். 2023 தொடக்கம் என்று நினைவு. கிளெமென்டி என்ற இசையமைப்பாளரின் ஒபஸ் 36 (படைப்பு எண் 36) சொனாட்டினாக்களில், அதாவது சிறு பியானோ பாடங்களில், முதலாவதை எடுத்திருந்தேன். பியானோ கற்கும் பெரும்பாலோர் கடந்து வருகிற பாடம் அது. முதல் பகுதி மொத்தமே 38 பார்தான். முதல் 15 பார் சி மேஜர் என்ற ஸ்வர வரிசையில் (ஸ்கேலில்) தொடங்கி வெளிச்சமாகப் போகும், 16-இல் சட்டென்று சோகமான சி மைனருக்கு இறங்கும், 24-இல் தொடக்க மெட்டு திரும்ப வரும். அன்று ஹெட்போன் போடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, "ஏம்மா, முன்பாதி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, பின்பாதி எப்படிப் போகும்னு இதுவரைக்கும் தெரியலையே" என்றார்.

அத்தைக்குச் சங்கீதம் தெரியாது, காது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு பேப்பரில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் முதல் பாரை 27 முறை வாசித்திருக்கிறேன், 38-ஆவது பாரை 3 முறை. ஏனென்றால் 16-இலோ 18-இலோ தடுக்கினால் கை தானாகவே ஒன்றாவது பாருக்கு ஓடிவிடுகிறது. நன்றாக வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டு, வராத இடத்தை வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறேன். அந்தக் கோடு போட்ட பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், வேறு எந்த முறையையும் தேடுவதற்கு முன்னால்.

வகுப்பில் மிஸ்ஸிடம் சொன்னபோது, பென்சிலை எடுத்து அந்த 38 பாரையும் ஏழு துண்டாகப் பிரித்து எண் போட்டுக் கொடுத்தார். கடைசித் துண்டிலிருந்து தொடங்கு என்றார். கடைசி நாலு பார் முதலில், அப்புறம் அதற்கு முந்தைய துண்டு, அதிலிருந்து கடைசி வரை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவோம். முன்பெல்லாம் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போய் விழுந்துகொண்டிருந்தேன். மூன்றே வாரத்தில் அத்தை பின்பாதியைக் கேட்டுவிட்டார்.

இப்போதைய ஏற்பாடு: காலை ஐந்தரைக்கு 20 நிமிடம், இரவு ஒன்பதே காலுக்கு 20 நிமிடம். காலையில் மூன்று நிமிடம் ஒரு ஸ்கேல், அன்றைக்கு வாசிக்கப்போகும் பாடத்தின் ஸ்கேலாகவே இருக்கும். மிச்ச நேரம் முழுக்க ஒரே ஒரு கஷ்டமான துண்டு, முதலில் கை தனித்தனியாக, பிறகு இரண்டு கையும் சேர்த்து, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில். மூன்று முறை தொடர்ச்சியாகப் பிழையில்லாமல் வந்தால் 4 கூட்டுவேன், தடுக்கினால் 8 குறைப்பேன். குறைப்பதற்கு ஆரம்பத்தில் மனசு வராது. ஆனால் வேகமாகத் தப்பு வாசித்தால் விரல் அந்தத் தப்பையும் அதே அக்கறையோடு கற்றுக்கொள்கிறது, அதைக் கழற்றுவதற்குப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாளாகிறது.

இரவில் வேறு மாதிரி. மூன்று துண்டுகளைச் சுழற்றி வாசிப்பேன், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். வாசிக்கும்போது எதுவும் முழுதாகப் பிடிபடாத மாதிரி எரிச்சலாக இருக்கும். ஆனால் அடுத்த நாள் கையில் மிஞ்சுவது இதில்தான் அதிகம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் வேகமாகச் சாய்க்கும் பயிற்சி அது. ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள், வரிசைகளைக் கலந்து கலந்து செய்தவர்கள் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இதைப் படித்த பிறகுதான் இரவு எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளப் பழகினேன். புத்தம்புதிய துண்டை மட்டும் சுழற்சியில் போடாதீர்கள். காலையில் இரண்டு மூன்று நாள் தனியாக உட்கார்ந்து விரல் எண் எல்லாம் நிலையான பிறகு சேர்த்தால்தான் பலன் தெரிகிறது.

இரவில் கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் எனக்குப் பிடித்த எதையாவது வாசிப்பேன். அதில் கணக்கு கிடையாது, தப்பு வந்தாலும் நிறுத்த மாட்டேன். மீதி இரண்டு நிமிடம் நோட்டு. 200 பக்கக் கோடு போட்ட நோட்டு, பேருந்து நிலையம் பக்கத்துக் கடையில் வாங்கியது. "நாளை: பார் 18-19, இடது கை மட்டும், 56, நாலாவது விரல் தாண்டும் இடத்தைக் கவனி" என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான் எழுதுவேன். இதற்கு முன்னால் காலையில் உட்கார்ந்ததும் ஐந்து ஆறு நிமிடம் எதை வாசிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன், 20 நிமிடத்தில் அது கால்வாசி. இப்போது தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்தாலும் நோட்டு சொல்கிற இடத்தில் கை போய்விடுகிறது. முடிவெடுக்கிற வேலையை, அந்த இடம் ஏன் வரவில்லை என்று நன்றாகத் தெரிந்த நேற்று இரவின் நானே செய்து வைத்துவிட்டேன் அல்லவா.

போன் ஆப்புகளும் பயன்படுத்திப் பார்த்தேன். பயிற்சி நேரத்தைக் குறித்து வரைபடம் போட்டுக் காட்டும் ஆப் ஒன்றை ஏழு மாதம் வைத்திருந்தேன். அது நிமிடத்தைத்தான் எண்ணுகிறது, பாரை எண்ணுவதில்லை, தொடர்ந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே சும்மா ஐந்து நிமிடம் வாசித்த நாட்கள் உண்டு. மெட்ரோனோமுக்கும் முதலில் போன்தான். பி-45-இலேயே மெட்ரோனோம் இருக்கிறது, ஆனால் பட்டனைப் பிடித்துக்கொண்டு கீயை அழுத்தி வேகத்தை மாற்ற வேண்டும், 4 கூட்டி 8 குறைக்கிற என் முறைக்கு அது தோதுப்படவில்லை. போனைத் தொட்டால் வாட்ஸ்அப் கண்ணில் படும். கடைசியில் கைக்கு அடக்கமான தனி மெட்ரோனோம் வாங்கி, போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வருகிறேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறை ஆபீஸ் கணக்குக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் துண்டு சரியாக வரப்போகிற நேரத்தில் மணி அடித்தால் எனக்குக் கையின் ஓட்டம் அறுந்துபோகிறது.

2024-இல் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் கிரேடு 3 எழுதும்போது நேரத்தை மதிப்பெண்படி பிரித்துப் பார்த்தேன். மூன்று பாடங்களுக்கு தலா 22, ஸ்கேல் முதலான டெக்னிக்கல் வொர்க் 14, துணைத் தேர்வு இரண்டுக்கு தலா 10. அந்தக் கணக்கில் 40 நிமிடத்தில் பாடங்களுக்கு 26 நிமிடம் போகும், ஸ்கேலுக்கு ஐந்தரை, துணைத் தேர்வுகளுக்கு 8. கணக்குப் பிரிவு மூளைக்கு இது நியாயமாகப் பட்டது. நடைமுறையில் சரிவரவில்லை. பாடங்கள் ஏற்கெனவே ஓரளவு கையில் இருந்தன, 26 நிமிடமும் அவற்றில் கூடுதலாக ஒன்று இரண்டு மதிப்பெண்ணுக்காகச் செலவானது, ஸ்கேலில் எளிதாகக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. கடைசி ஆறு வாரம் தலைகீழாக மாற்றினேன். 81 வந்தது, மெரிட். 75 வாங்கினால் மெரிட், 87 வாங்கினால் டிஸ்டிங்ஷன்.

பஸ் பயணத்தையும் இதில் சேர்த்தே சொல்ல வேண்டும். சனிக்கிழமை கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர அதற்கு மேலேயும் ஆகும். முன்பு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பேன். இப்போது போகும்போது நோட்ஸை (இசைக் குறிப்புத் தாளை) மடியில் விரித்து, கைப்பையின் மேல் விரலை அழுத்தாமல் வைத்து, ஒவ்வொரு துண்டையும் மனசுக்குள் வாசிக்கிறேன். பஸ்ஸில் நினைவு வராத பார், வீட்டிலும் கையால் தள்ளிக்கொண்டு போகிற பார்தான், அதை வட்டமிடுவேன். 1995-இல் பாஸ்குவல்-லியோன் குழு செய்த ஆய்வில், ஐந்து விரல் பியானோ பயிற்சி ஒன்றை ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் மனசுக்குள் மட்டுமே வாசித்தவர்கள், நிஜமாக வாசித்தவர்களின் மூன்றாவது நாள் நிலையை எட்டியிருந்தார்கள்.

மனசுக்குள் வாசிக்கும் அந்தப் பயிற்சி முழுசாக உதவியது ஃபெஞ்சல் புயல் சமயத்தில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, டிஜிட்டல் பியானோ கரண்ட் இல்லாவிட்டால் வெறும் மேஜை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டு எழுதினேன், சத்தம் வராத கீயில் விரல் எண்ணை மட்டும் சரிபார்த்தேன். கரண்ட் வந்த அன்று, பல மாதமாக வராத ஒரு இடது கைத் தாவல் முதல் தடவையிலேயே வந்தது. அதை நான் புயலின் கணக்கில் சேர்க்க மாட்டேன், மெதுவாக, சத்தமில்லாமல் பார்த்ததன் கணக்கில் சேர்ப்பேன்.

உடம்பு சரியில்லாத நாள், மகளுக்குத் தேர்வு, மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற வாரம், இந்த நாட்களில் காலை 20 நிமிடம் மட்டும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வாசிப்பதில்லை. நோட்டில் அந்த வரி அப்படியே காத்திருக்கும்.

இன்னும் சரியாகாதது சைட் ரீடிங். புதிய நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும், அதற்குத் தினம் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்று தெரியும். இரவில் கடைசியாக வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு முன் அதைக் காலையில் முதல் வேலையாக, ஸ்கேலுக்கும் முன்னால், மூன்றே நிமிடத்துக்கு வைத்துப் பார்க்கிறேன். 21 நாளில் 17 நாள் நடந்திருக்கிறது. கிரேடு 4-க்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.