சீஆர் கொப்பி: எழுத்து நிண்டுபோன கதைக்காரருக்கு ஒரு ரிவியூ

முதலே சொல்லிப்போடுறன், இது கொப்பி பேனை எண்டு விசர் பிடிச்சுத் திரியிற ஆக்களுக்கான ரிவியூ இல்லை. ஒரு காலத்தில கதை எழுதிக்கொண்டிருந்து, பேந்து வேலை, பிள்ளையள், வீட்டு அலுவல் எண்டு எல்லாம் குழம்பி எழுத்து அப்பிடியே நிண்டுபோய்க் கிடக்கிற ஆக்களுக்கு. நான் சிபாரிசு செய்யிற சாமான் யாழ்ப்பாணம் ரவுணில எந்தக் கொப்பிக் கடையிலயும் அடுக்கிக் கிடக்கிற, ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பொடியள் நோட்ஸ் எழுதுற அதே மட்டை போட்ட சீஆர் கொப்பிதான்.

இதுக்கு முதல் ஒன்லைனில ஒரு ரைட்டர்ஸ் பிளானர் எடுத்தனான், எந்தக் கொம்பனி எண்டு எழுதேல்ல, ஏனெண்டா எல்லாம் ஒரே மாதிரித்தான். தங்க எழுத்து, ரிப்பன், உள்ளுக்க முழுக்கப் பெட்டி பெட்டியா. வருச இலக்குக்கு ஒரு பெட்டி, மாச இலக்குக்கு ஒண்டு, இண்டைக்கு மனநிலை எப்பிடி எண்டு அஞ்சு மூஞ்சி, தண்ணி எத்தினை கிளாஸ் குடிச்சனீங்கள் எண்டும் கேக்குது, எனக்கும் தண்ணிக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் எண்டு விளங்கேல்ல. காலமை பிள்ளையள் எழும்ப முதல் கிடைக்கிறதே ஒரு அரை மணித்தியாலம், அதில பாதி பெட்டி நிரப்பவே போயிடும், ஆனா எழுதின மாதிரி ஒரு திருப்தி வேற வரும், அதுதான் உதில உள்ள பெரிய ஆபத்து. இன்னொண்டு, அது திகதி அச்சடிச்ச பிளானர். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கட பக்கம் எந்த ரூட்டீனும் நிக்காது, கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் வந்த சொந்தக்காரர் வீட்டில, லவுட்ஸ்பீக்கர் வெளியில. திருவிழா முடிஞ்சு திறந்து பாத்தா வெறும் பெட்டியள் வரிசையா நிண்டு முறைக்குது. அதுக்குப் பிறகு அதைத் தொடவே பஞ்சி.

அதில நாளுக்கு 1667 சொல்லு எண்டு ஒரு இலக்கும் போட்டிருந்தாங்கள். உது எங்கயிருந்து வந்தது எண்டா நனோரைமோ எண்ட, ஒரு மாசத்தில நாவல் எழுதுற சவாலில இருந்து. 1999இல அமெரிக்காவில கிறிஸ் பேட்டி எண்டவர் 21 பேரோட தொடங்கினது, நவம்பர் 30 நாளுக்குள்ள 50,000 சொல்லு, பிரிச்சா நாளுக்கு 1667. அந்த அமைப்பையே 2025இல மூடப்போறம் எண்டு அறிவிச்சாச்சு, ஆனா கணக்கு மட்டும் இன்னும் எல்லா இடமும் சுத்துது. அது ஆங்கிலத்துக்கு வைச்ச கணக்கு. தமிழ்ல வேற்றுமை, காலம், இடம், பால் எல்லாம் ஒரே சொல்லில ஒட்டிக்கொண்டு போறதால அதே நீளக் கதை சொல்லெண்ணிக்கையில குறைஞ்சுதான் காட்டும். அப்ப 1667 எங்களுக்கு இன்னும் கூடின பாரம், அதுவும் கையால எழுதிறவைக்கு எண்ணவும் ஏலாது. பக்கத்தைத்தான் கணக்கு வைக்க வேணும், கொப்பியின்ர முதல் லாபம் அதுதான்.

சரி, கொப்பிக்கு வாறன். 80, 120, 160, 200 பக்கம் எண்டு வரும். தடிச்ச மட்டை, முதுகில துணி நாடா, கோடு போட்ட பேப்பர். நடுவில விரிச்சு மேசையில வைச்சா நல்ல கொப்பி எண்டா கை எடுத்தாலும் மூடாது, ரெண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும். நான் வலப்பக்கத்தில மட்டும் கதை எழுதுறன். இடப்பக்கம் வெறுமை, அது நாளைக்கான இடம். எழுதி முடிக்கேக்க காட்சியை முடிக்காமல் நடுவில விட்டிட்டு இடப்பக்கத்தில ஒரு வரி போட்டுவிடுவன். இப்ப எழுதிற கதையில குருநகர்க் கரையில ரெண்டு சம்மாட்டிமார், அதாவது வள்ளம் வலை சொந்தமா வைச்சிருக்கிறவை, கொழுவுப்படினம், நேற்று இடப்பக்கத்தில நான் எழுதினது "வலையைத் தூக்கிப் போட்டிட்டு மூத்தவர் மச்சானைப் பாத்து என்ன கேக்கிறார்?" அவ்வளவுதான். காலமை நித்திரைத் தூக்கத்தில கொப்பியைத் திறந்தா கேள்வி நிக்குது, மறுமொழி எழுதத் தொடங்கினா கை தானாப் போகும். இலக்கு நாளுக்கு ஒரு பக்கம், ஏலாத நாளில அஞ்சு வரி. அஞ்சு வரியும் கணக்குத்தான், விட்டுப்போன நாளுக்குச் சேத்து எழுதிறதெல்லாம் இல்லை, கடன் கணக்கு மாதிரி ஏறத் தொடங்கினா பிறகு ஆள் கொப்பிப் பக்கமே போகாது.

நேரம் பாக்க குசினிக்குப் பாவிக்கிற, முறுக்கிற ரைமர் ஒண்டு வைச்சிருக்கிறன். 25 நிமிசம் வேலை 5 நிமிசம் ஓய்வு எண்ட பொமொடோரோ முறை தெரிஞ்சிருக்கும், இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரிலோ தக்காளி வடிவ ரைமரை வைச்சுத் தொடங்கினது. போனில வைக்காதேங்கோ, ரைமரை நிப்பாட்டப் போய் வாட்ஸ்அப் குறூப்பில நிப்பியள்.

கரண்ட் கதையும் சொல்லவேணும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்டை நிப்பாட்டின காலத்தில லப்டொப் வைச்சிருந்தவை எல்லாம் கை கட்டிக்கொண்டு இருந்தவை, கொப்பிக்காரருக்கு ஒரு விளக்குக் காணும். அதே மாசம் பேப்பர் தட்டுப்பாட்டால மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிவைச்சவை எண்டதும் ஞாபகம் இருக்கும், கொப்பி விலை அதோட ஏறினதுதான், பழைய விலைக்குத் திரும்பேல்ல. எண்டாலும் ஒரு கொத்து ரொட்டிக் காசுக்குள்ள நிக்குது.

குறையள் இருக்கு, மறைக்கேல்ல. பக்க இலக்கம் இல்லை, வாங்கின அண்டைக்கே இருந்து நீங்களே போடவேணும். ஜெல் பேனை மறுபக்கம் ஊறும், போல்பொயின்ற் பாவியுங்கோ. மாரி காலத்தில பேப்பர் ஈரம் குடிச்சு நெளியும். தொலைஞ்சா தொலைஞ்சதுதான், அதால வாரத்துக்கொருக்கா பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கோ. பிறகு ரைப் பண்ணுறது தனி வேலை, சிலருக்கு அது இரட்டை வேலை, எனக்கு அதுதான் முதல் திருத்தம், அடிச்சுக்கொண்டு போகேக்கயே பாதி வசனம் கழண்டு போகும். குரலால ரைப் பண்ணலாம் எண்டு பாத்தா எங்கட "எண்டு", "வந்தனான்", "இஞ்ச" எல்லாத்தையும் போன் தன்ர பாட்டுக்குச் செந்தமிழாக்கிப்போடும்.

கொப்பியால குடுக்க ஏலாத ஒண்டும் இருக்கு, காத்திருக்கிற ஆள். 1966இல எழுத்தாளர் டொமினிக் ஜீவா "மல்லிகை" எண்ட இலக்கிய இதழைத் தொடங்கின காலத்தில மாச இதழ் ஒண்டு கதை கேட்டா அதுவே இலக்கு, பிளானர் தேவைப்படேல்ல. இப்ப எங்கட கதைக்கு ஒருத்தரும் அந்தரப்படேல்ல. நான் கோண்டாவிலில இருக்கிற ஒரு சிநேகிதிக்கு ஞாயிறு பின்னேரம் அந்த வாரப் பக்கங்களின்ர போட்டோ அனுப்பிறன், அவ வாசிக்கத் தேவையில்லை, "கண்டன்" எண்டு போட்டாக் காணும். அனுப்பேல்லையெண்டா போன் வரும், அந்த ஏச்சுக்குப் பயந்தே சனி இரவு இருந்து எழுதியிருக்கிறன்.

வாங்கிறதெண்டா 200 பக்கம் எடுக்காதேங்கோ, 80 காணும், கெதியா ஒண்டு முடியிற சந்தோசம் வேணும். நூலால தைச்சதோ பசை ஒட்டினதோ எண்டு நடுப்பக்கத்தை விரிச்சுப் பாத்து, நல்லா இழுத்தும் பாத்திட்டு எடுங்கோ, கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும்.