கேலிப்பர் பெயிண்ட்: ஸ்ப்ரே டின்னை விடத் தூரிகை மேல்

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனின் உப்புக் காற்று கதவின் அடி விளிம்பையும் புகைக்குழாயையும் தொடுவதற்கு முன்பே, வார்ப்பிரும்பால் ஆன பிரேக் கேலிப்பரை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகத்தை, அரிக்கத் தொடங்கிவிடுகிறது. இரும்புச் சக்கரத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை. அகன்ற இடைவெளி கொண்ட அலாய் சக்கரங்களை மாட்டியவுடன், அந்தச் செம்பழுப்பு நிறம் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிறது. கேலிப்பரின் வெளி உடலில் படியும் மேலோட்டமான துரு பிரேக் பிடிப்பதற்கு இடையூறு செய்வதில்லை என்பதால், இது பெரும்பாலும் அழகுக்காகச் செய்யும் வேலைதான். அந்த அழகுக்காகச் செலவிடும் பணத்துக்கு எந்தப் பெயிண்ட் தகும் என்பதே இந்த மதிப்பீடு.

கடைகளில் இதற்கென்று விற்பவை இரண்டு வகை. ஒன்று, குலுக்கி அடிக்கும் ஸ்ப்ரே டின். விஎச்டி நிறுவனத்தின் கேலிப்பர் பெயிண்ட் இந்த வகையில் பலரும் அறிந்தது. மற்றொன்று, பெயிண்டையும் அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனரையும் தனித்தனியே வைத்து, தூரிகையோடு பெட்டியில் விற்கும் இரு கலவைத் தொகுப்பு. ஜெர்மனியின் ஃபோலியாடெக், அமெரிக்காவின் ஜி2 ஆகியவை இதில் பெயர் பெற்றவை. என் பழைய காரில் ஒரு ஸ்ப்ரே டின்னையும், இப்போதுள்ள ஃபோக்ஸ்வேகன் போலோ விவோவில் ஓர் இரு கலவைத் தொகுப்பையும் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டுமே மேற்சொன்ன பெயர்களில் எதுவும் அல்ல. ஆனால் அமைப்பும் செய்முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டு வாசலில், கேலிப்பரைக் கழற்றாமல் வேலை செய்பவருக்குத் தூரிகை வகையே ஏற்றது என்பது என் முடிவு.

ஸ்ப்ரே டின்களின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது அவை தாங்கும் வெப்ப அளவு. 900 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 482 டிகிரி செல்சியஸ் என்பது அந்த டின்களில் அடிக்கடி காணப்படும் எண். வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மயங்குகிறார். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்திலோ வான் ரீனன் கணவாயிலோ பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால், டிஸ்க் சில நூறு டிகிரி வரை சூடேறுவது உண்மைதான். ஆனால் கேலிப்பர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. நடுவில் பிரேக் பேடும் பிஸ்டனும் இருக்கின்றன, வெளிப்புறம் முழுவதும் காற்று படுகிறது. இதைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு. கேலிப்பருக்குள் இருக்கும் டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரையிலும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி வரையிலும் கொதிக்காமல் இருந்தால் போதும் என்பதே அதன் தர விதி. கேலிப்பர் 482 டிகிரியை எட்டுவதற்கு வெகு முன்பே அந்த ஆயில் கொதித்து, மிதி தரையைத் தொட்டிருக்கும். அந்த நிலையில் பெயிண்ட் உரிந்ததா என்று குனிந்து பார்க்க யாருக்கும் மனம் இருக்காது. ஆகவே அன்றாடம் ஓடும் காருக்கு, இவ்வளவு வெப்பம் தாங்கும் என்ற விளம்பரத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

கேலிப்பரில் பெயிண்ட் கெடுவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய பிரேக் ஆயில்கள் கிளைக்கால் சார்ந்தவை; சாதாரண பெயிண்டின் மேல் ஒரு சொட்டு பட்டாலும் அது குமிழிட்டு, தோலைப் போல் சுருண்டு வந்துவிடும். கேலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிள் என்ற சிறு வால்வைத் திறந்து, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது நிப்பிளைச் சுற்றி நிகழ்வது இதுதான். இரு கலவைப் பெயிண்டில் ஹார்டனரோடு நடக்கும் வேதிவினை முடிந்தபின் உருவாகும் படலம் இத்தகைய கரைப்பான்களை நன்கு தாங்குகிறது. என் காரில் சர்வீஸின்போது நிப்பிளுக்குக் கீழே ஆயில் வழிந்த தடம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது அடியில் இருந்த பூச்சு மங்கக்கூட இல்லை. பழைய காரின் ஸ்ப்ரே பூச்சில் அதே இடம் நகத்தால் சுரண்டினாலே வந்தது. எந்தப் பெயிண்டாக இருந்தாலும் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கிளைக்கால் தண்ணீரில் கரைந்துவிடும்.

தொகுப்பைப் பற்றிச் சொன்னால், பெட்டிக்குள் பெயிண்ட், ஹார்டனர், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, தூரிகை, கம்பித் தூரிகை, கையுறை ஆகியவை இருந்தன. பெயிண்டின் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உடன் வந்த தூரிகை மயிர் உதிர்ப்பது, பூச்சின் நடுவே ஒட்டிக்கொண்ட மயிரை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. ஹார்டுவேர் கடையில் நல்ல மென்தூரிகையாகப் பார்த்துத் தனியே வாங்கிக்கொள்வது உத்தமம். பிரேக் கிளீனரும் போதவில்லை. பெயிண்ட் மட்டும் தேவைக்கு மேல் இருந்தது. இந்தத் தொகுப்புகள் நான்கு சக்கரங்களுக்கு அளந்து வைக்கப்பட்டவை; விவோவிலோ முன் சக்கரங்களில்தான் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். மீதியை டிரம்களின் வெளிப்புறத்துக்கு அடித்துவிட்டேன். ஹார்டனரைக் கலந்துவிட்டால் பெயிண்டை எடுத்து வைக்க முடியாது, டின்னிலேயே கல்லாகிவிடும். சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எளிதில் தீப்பற்றும் பெயிண்டையும் இத்தகைய ஸ்ப்ரேயையும் விமானப் பயணப் பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை.

வேலையின் பெரும்பகுதி பெயிண்ட் அடிப்பதில் இல்லை, சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பிரேக் தூள் வெறும் மண் அன்று. டிஸ்கிலிருந்து தேய்ந்த இரும்புத் துகளும் பேடின் பிசினும் சூட்டில் சேர்ந்து இறுகிய படிவம் அது. கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரேக் கிளீனரால் நனைத்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காமல் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நிப்பிளுக்கு அடியிலும், ஆயிலைக் கொண்டுவரும் பிரேக் ஹோஸ் வந்து சேரும் மூலையிலும் எண்ணெய்ப் பிசுக்கு கடைசிவரை விடாது. அங்கே பல் துலக்கும் பழைய பிரஷ் கம்பித் தூரிகையை விட நன்றாக உதவுகிறது. காற்றடிக்கும் குழாயால் தூளை ஊதித் தள்ளுவது கூடாது. நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பழைய பேடுகளில் இருக்கலாம்; தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது 2008ஆம் ஆண்டில்தான். பழைய காரில் எந்தக் காலத்துப் பேட் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. எந்த பேடாக இருந்தாலும் முகக்கவசம் அணிந்து, தூளை ஈரமாக்கித் துடைப்பதே முறை. ஜாக்கை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றி உட்காருவதும் கூடாது. காரை ஆக்சில் ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட வேண்டும்.

பிராஸ்பெக்டனில் உள்ள கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா, நான் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பெயிண்ட் இருக்கட்டும் தம்பி, சக்கரம் கழன்றிருக்கும்போதே டஸ்ட் பூட்டைப் பாருங்கள்" என்றார். பெட்டியின் செய்முறைத் தாளில் இல்லாத அறிவுரை இது. பிஸ்டனைச் சுற்றியுள்ள அந்த ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்து பிஸ்டன் இறுகிவிடும். அப்படிப்பட்ட கேலிப்பருக்கு வேண்டியது பழுதுபார்ப்பு, பெயிண்ட் அன்று. பேடின் தேய்மானத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பூச்சுக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். டர்பனின் கோடைகாலப் புழுக்கத்தில் குளிர்ந்த இரும்பின் மேல் ஈரம் படிந்து பெயிண்ட் மங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட பகல்களே தகுந்தவை. ஆனால் உள்நாட்டு மேட்டிலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் நாளில், தூசியும் சேர்ந்து வந்து ஈரப் பூச்சில் அப்பிக்கொள்ளும். முதல் பூச்சு மெல்லியதாக, அடியில் இருக்கும் நிறம் தெரியும்படி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது பூச்சில் பெயிண்ட் தானாகவே பரவிச் சமமாகி, தூரிகைத் தடம் மறைந்துவிடுகிறது. பிஸ்டன், டஸ்ட் பூட், நகரும் பின்கள், பேட் அமரும் இடம், நிப்பிளின் வாய் ஆகியவற்றில் பெயிண்ட் படவே கூடாது. பேட் தன் இடத்தில் தாராளமாக நகர முடியாமல் போனால், அழகுக்காகச் செய்த வேலை பிரேக்கையே கெடுத்துவிடும்.

ஸ்ப்ரே டின்னுக்கு இங்கேதான் பெரிய பின்னடைவு. டிஸ்க், பேட், ஹோஸ், ஃபெண்டரின் விளிம்பு என்று அத்தனையையும் காகிதத்தாலும் மாஸ்கிங் டேப்பாலும் மூடியாக வேண்டும். கடற்காற்று வீசும் வாசலில் அப்படியும் பெயிண்ட் எங்காவது போய் விழுகிறது. கேலிப்பரின் பின்புறம் ஸ்ப்ரேக்கு எட்டுவதுமில்லை. கேலிப்பரையே கழற்றி மேசையில் வைத்து அடிப்பவர்களுக்கு ஸ்ப்ரே மெல்லிய, சீரான பூச்சைத் தரும் என்பதை மறுக்கவில்லை, விலையும் குறைவு. ஆனால் ஹோஸைக் கழற்றினால் பிரேக்கில் காற்று நுழையும், அதை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் அந்த வழியை நாடாமல் இருப்பதே நல்லது.

நிறம் அவரவர் விருப்பம். போலோ ஜிடிஐயில் சிவப்புக் கேலிப்பர் வருவதால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பாதி விவோக்கள் சிவப்புக் கேலிப்பரோடு சுற்றுவதுபோல் தோன்றுகிறது. எனக்குக் கருஞ்சாம்பல் நிறமே பிடித்தது. பிரேக் தூள் படிந்தாலும் அதில் அழுக்குத் தெரிவதில்லை. ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரின் மேல் பந்தயக் கார் நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டும் பழக்கத்தை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

ஒரு முழுக் கோடையைக் கடந்த பிறகும் பூச்சு பளபளப்போடுதான் இருக்கிறது. காரைக் கழுவும்போது ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தாலே தூள் வந்துவிடுகிறது. அமிலம் கலந்த சக்கரக் கிளீனரை மட்டும் தவிர்த்து வருகிறேன். குறையென்று ஒன்று உண்டு: சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அலாயின் உள்விளிம்பு கேலிப்பரின் முனையில் உரசி, நகக்கண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது, அதைச் சரிசெய்ய மீதிப் பெயிண்ட் கையில் இருக்காது என்பதுதான் இந்தத் தொகுப்புகளின் பலவீனம். அந்த இடத்துக்கு மட்டும் அதே நிறத்தில் ஸ்ப்ரே பெயிண்டை மூடியில் அடித்தெடுத்து, சிறிய தூரிகையால் தொட்டு வைத்திருக்கிறேன். விவோவின் சக்கர போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.