கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால்: வழக்கமான டாக்டரா, எண்டோடான்டிஸ்டா?

மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும், எனக்கு மூன்று வழிகள் இருந்தன. குடும்பத்தோடு வழக்கமாகப் போகும் பல் டாக்டரிடமே ரூட் கெனால் (நரம்பை எடுத்துவிட்டு வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்துகொள்ளலாம். அதையே தனிப் படிப்பாகப் படித்த எண்டோடான்டிஸ்டிடம் போகலாம். இல்லை, பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம். நான் எண்டோடான்டிஸ்டிடம் போனேன். சேலத்திலோ ஏற்காட்டிலோ இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று காரணத்தை எழுதுகிறேன்.

பிடுங்குவதைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடலாம். காப்பாற்றவே முடியாத பல்லுக்கு இம்ப்ளாண்ட் நல்ல வழிதான். ஆனால் எலும்போடு அது சேர மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மேல் கடைவாயில் சைனஸ் என்ற காற்றறை பக்கத்திலேயே இருப்பதால் சிலருக்கு எலும்பு வைத்து நிரப்பும் வேலையும் சேர்ந்துகொள்ளும். பிரிட்ஜ் போட்டு பல் கட்டுவதென்றால் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பற்களைச் சீவ வேண்டும். ரூட் கெனால் பலிக்காவிட்டால் அப்புறம் இம்ப்ளாண்ட்டுக்குப் போக வழி இருக்கிறது. பிடுங்கிவிட்டால் ரூட் கெனாலுக்குத் திரும்ப வழி இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டதில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம் என்று மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போடுகிறவர்கள் எங்கள் ஏற்காட்டு மலையில் நிறையப் பேர். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. ஆன்டிபயாடிக் உள்ளே போய்ச் சேராது. வலி அடங்கியதுபோல் இருக்கும், கிருமி வேர் நுனியில் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

சரி, யாரிடம் செய்வது? முன்பல்லாக இருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன். மேல் முன்பல்லுக்கு ஒரு வேர், பெரும்பாலும் ஒரே கால்வாய், நேராக இருக்கும். நல்ல பொது டாக்டர் அதை அழகாக முடித்துவிடுவார். பயிற்சியோடு சேர்த்து ஐந்து வருட பி.டி.எஸ். படிப்பிலேயே ரூட் கெனால் உண்டு. எண்டோடான்டிஸ்ட் அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர். போர்டில் கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ் என்று போட்டிருக்கும். வெறும் எம்.டி.எஸ். என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவரும் எம்.டி.எஸ்.தான்.

மேல் முதல் கடைவாய்ப் பல் வேறு விஷயம். வேர் மூன்று, ஆனால் கால்வாய் பெரும்பாலும் நான்கு. கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் இரண்டாவதாக ஒரு கால்வாய் ஒளிந்துகொண்டிருக்கும், மயிரிழை மாதிரி. சாதாரண எக்ஸ்ரேயில் பக்கத்துக் கால்வாயின் மேல் விழுந்து மறைந்துவிடும். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை எவ்வளவு சுத்தமாக அடைத்தாலும் உள்ளே கிருமிக்கு ஓர் அறை மிச்சம். நான் போன இடத்தில் டாக்டர் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, பல்லுக்குள் குடைந்த பள்ளத்தின் தரையில் ஓடிய ஒரு மெல்லிய கோட்டை அதிரும் நுண்முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். முதலில் தெரிந்த மூன்று கால்வாய்களுக்குச் செலவான நேரத்தைவிட நான்காவதைத் தேடியதற்கு ஆன நேரம் அதிகம். மானிட்டரில் எனக்கும் காட்டினார்: வெளிறிய தரையில் ஒரு கருப்புப் புள்ளி.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கருவி இல்லை, முதல் தடவை என்ற விஷயம். 1990-ல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், ரூட் கெனால் செய்த பற்களை எட்டிலிருந்து பத்து வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். வேர் நுனியில் புண் இல்லாமல் இருந்தவற்றில் 96 சதவீதம் நன்றாக இருந்தன. நரம்பு செத்து நுனியில் புண்ணும் வந்துவிட்ட பற்களில், முதல் தடவை சிகிச்சை செய்தவை 86 சதவீதம் ஆறியிருந்தன. அதே மாதிரி புண்ணோடு, ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கெட்டுப்போய் மறுபடி செய்தவற்றில் 62 சதவீதம்தான்.

அந்த இறக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மறுபடி செய்யப் போனால் பல்லின் மேல் மாட்டிய கேப் என்ற உறையை அறுத்து எடுக்க வேண்டும். உள்ளே போஸ்ட் (பல்லுக்குப் பிடிமானமாக வேருக்குள் வைக்கும் குச்சி) இருந்தால் அதையும் அசைத்து எடுக்க வேண்டும். அடைத்திருக்கும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் மாதிரிப் பொருளைச் சுரண்டிக் கரைக்க வேண்டும். முதல் தடவையில் கால்வாயைச் சுரண்டும் ஊசியான ஃபைல் தடம் மாறி வேர்ச் சுவரில் படி விழுந்திருந்தாலோ, நுனி உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ, பழைய பாதையே கிடைக்காமல் போகலாம். அதுவும் முடியாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டும் ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும் பல்லில் மிச்சமிருக்கும் பகுதி குறைகிறது. எண்டோடான்டிஸ்டிடம் எனக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவானது. மறுசிகிச்சை, புதுக் கேப் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த அரை மடங்கு பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த சுவீடன் ஆய்வில் சிகிச்சை செய்தவர்கள் நிபுணர்கள் இல்லை, மேற்பார்வையில் வேலை செய்த பல் மருத்துவ மாணவர்கள். முறை தவறாமல் செய்தால் பட்டம் இரண்டாம் பட்சம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் தாளை மாட்டுவது, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட்டால் திரும்பத் திரும்பக் கழுவுவது, அபெக்ஸ் லொக்கேட்டர் என்ற கருவியை வைத்துக் கால்வாயின் நீளம் அளப்பது ஆகியவை அந்த முறையில் அடக்கம். ரப்பர் டேம் 1864-லேயே வந்த சாதனம். எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்குள் இறங்காது. இருந்தும் அதை மாட்டாமல் பஞ்சு மட்டும் வைத்து வேலை பார்க்கும் இடங்கள் இன்னும் உண்டு. உங்கள் வழக்கமான டாக்டர் ரப்பர் டேம் போடுகிறவர், கஷ்டமான பல் என்றால் தானே வேறிடம் அனுப்புகிறவர் என்றால், தயங்காமல் அவரிடமே செய்துகொள்ளலாம்.

கையில் காசு குறைவு, நேரம் இருக்கிறது என்றால் அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் செலவு குறையும், ஆனால் உட்காரும் நேரமும் நடையும் கூடும்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. நம் ஊர்ப் பக்கம் பல கிளினிக்குகளில் எண்டோடான்டிஸ்ட் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து செய்துவிட்டுப் போவார். பழகிய இடம், நிபுணர் கை, இரண்டும் கிடைக்கும். ஆனால் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியான லூப்தான் வரும். நடுவில் வலித்தால் அவர் வரும் நாள்வரை காத்திருக்க நேரலாம். எங்களைப் போல ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வருகிறவர்கள், டாக்டர் வருவாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஒரே உட்காரலில் முடிப்பதா, இரண்டு மூன்று தடவையா என்று மலைக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். பல் தங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வீக்கமும் சீழும் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வைத்து மூடி, அடுத்த தடவைக்கு வரச் சொல்லுவது வழக்கம். என்னையும் அப்படித்தான் வரச் சொன்னார். வீண் அலைச்சலாக அதை நான் நினைக்கவில்லை.

கேப் விஷயத்தில் எங்கே செய்தாலும் ஒரே பேச்சுதான். கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டே ஆக வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. உள்ளே குடைந்த பல் மேலே மெல்லிய சுவராகத்தான் நிற்கும். தட்டுவடை செட்டைக் கடித்தால் செங்குத்தாகப் பிளக்கலாம், பிளவு வேர் வரை போனால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப்பை நான் பழைய டாக்டரிடமே போட்டுக்கொண்டேன். அளவெடுத்துப் பொருத்துவதில் அவர் கை நிதானமானது, அந்த வேலைக்கு எண்டோடான்டிஸ்ட் தேவையும் இல்லை.

வலி போனதை வைத்து பல் ஆறிவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்து நுனியில் எலும்பு நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்க நிரம்ப நான்கு வருடம்கூட ஆகலாம். அதனால் முதல் நாள் எக்ஸ்ரே, கால்வாய்களை அடைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரே, இரண்டின் பிரதியையும் கேட்டு வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் கேட்பது அவற்றைத்தான்.