மாற்றாத பம்புக்கு 38,000 ரூபாய்: பெற்றோல் மணத்தோடு கராஜுக்குப் போகிறவர்கள் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். சில மாதங்களாக என் காரின் முன்பக்கம் மெல்லிய பெற்றோல் மணம் வந்துகொண்டிருந்தது. ஓடும்போது தெரியாது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். காலையில் பொனற் பக்கம் போனால் மூக்கில் பிடிக்கும். நானும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் முறிகண்டியில் நிறுத்தி, வழக்கம்போலக் காருக்கு முன்னால் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு நிமிர்ந்தேன், அதே மணம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, மேலே போகாமல் நிலத்தோடுதான் இறங்கிப் பரவும். அம்மா உள்ளே இருக்கிறா. மண்ணை அள்ளிப் போட்டு அணைத்த கை வெகுநேரம் நடுங்கியது.

மறுநாளே ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் மோந்துவிட்டு, "பம்ப் பழுது அண்ணை, மாத்தினாச் சரி" என்றார். என் காரில் பெற்றோல் பம்ப் இருப்பது பின் சீற்றுக்குக் கீழே, தாங்கிக்குள். மணம் முன்னால் வருகிறதே என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. 38,000 ரூபாய் கொடுத்தேன். பழைய பம்பைக் கேட்டதற்கு, "எறிஞ்சிட்டம்" என்றார்கள்.

அடுத்த நாள் காலை அதே மணம். திரும்பப் போனபோது இஞ்சினுக்குப் போகும் ஹோஸில் ஒரு துண்டை மாற்றி இன்னும் 4,500 வாங்கினார்கள். மணம் மட்டும் போகவில்லை.

கடைசியில் மாங்குளத்தில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் போனேன். "தம்பி, சூட்டோட பாத்தா ஒண்டும் தெரியாது, கசியிற பெற்றோல் உடனே காய்ஞ்சிடும். இரவைக்கு விட்டிட்டுப் போங்கோ, காலமை பாப்பம்" என்றார். இதுதான் விஷயம். நான் போன இரண்டு தடவையும் ஓடிக்கொண்டு போன சூட்டோடுதான் பார்த்தார்கள். காலையில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஒன் பண்ணச் சொன்னார். பம்ப் இரண்டு செக்கன் இரைந்து நின்றது. மூன்று நான்கு தரம் அப்படிச் செய்தால் லைனில் அமுக்கம் ஏறும். ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளை ரிசுப் பேப்பரால், இஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் மூன்று இஞ்சக்டர்களின் அடியையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். இரண்டாவதில் ரிசு நனைந்தது. கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் என்ற றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான். மூன்றுக்கும் புதியது போட்டு, கூலியோடு 2,800.

கராஜில் போட்ட ஹோஸைத் தொட்டுப் பார்த்தவர் அதையும் கழற்றிவிட்டார். அது மோட்டார் சைக்கிளுக்குப் போடும் மெல்லிய ரியூப். இஞ்சக்டர் லைனில் அமுக்கம் 40 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், கார் ரயரில் அடிக்கும் காற்றை விடக் கூட. அந்த ரியூப் ஒரு நாள் ஓட்டத்தில் வெடித்திருந்தால் பெற்றோல் நேரே சூடான இஞ்சின் மேல் பீச்சியிருக்கும்.

பிறகு பின் சீற்றைத் தூக்கினார். பம்ப் மூடியின் மேல் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி விரல் படாமல் படிந்திருந்தது, திருகாணிகள் துருவோடு அப்படியே இருந்தன. மூடியையே யாரும் திறக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலில் சத்தம் போட்டார்கள், போட்டோவைக் காட்டியதும் "பில்லில பிழை வந்திட்டுது" என்று 20,000 தந்தார்கள். மீதி இன்னும் வரவில்லை.

அன்று அங்கே ஒரு பள்ளிக்கூட வான் பொனற் திறந்தபடி நின்றது. என்ன பிழை என்று டிரைவர் தம்பியிடம் கேட்டேன். "மணக்குது அண்ணை, பம்ப் மாத்தோணுமாம்" என்றான். அவனை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், மாங்குளத்துக்கு வழியும் சொன்னேன்.