சார்மவுத் புதைபடிவ நடை: தாராளமாகப் போகலாம்

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் சார்மவுத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டர் நடத்தும், புதைபடிவம் தேடும் நடை இது. சுத்தியல் வேண்டாம், செங்குத்துச் சரிவைத் தோண்டவும் கூடாது. அலை அரித்துப் போட்ட சரளையில் குனிந்து தேடினால் போதும். என் மகளுக்குச் சட்டைப் பொத்தான் அளவில், பித்தளை நிறத்தில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆகிப்போன அம்மோனைட் கிடைத்தது; எப்போதோ அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடலுயிரி அது. சுருளின் வரிகள்கூட மழுங்கவில்லை!

அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறியவை. அதனால் எந்த இனம் என்று பார்த்தே, பாறை ஜுராசிக்கின் (டைனோசர்கள் வாழ்ந்த காலங்களில் ஒன்று) எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். வழிகாட்டி இதை விளக்கிய விதத்துக்கே கொடுத்த காசு தகும்.

அப்புறம், கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். பைரைட்டை ஈரம் படாமல் வையுங்கள். முன்பு ஒரு கடையில் நான் வாங்கிய பைரைட் அம்மோனைட் பொடிந்தே போனது. கடைக்காரர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.